வெற்றிலைக்கு ஒரு பங்காளி

நாண்டிக்கு வந்து மூன்று இரவாகியும் கண் மூடவில்லை. நமக்கும் ஃபிஜிக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். அங்கே நள்ளிரவு பன்னிரண்டு ஆகும்போது என் உடம்புக்கு மாலை ஐந்தரை; காபி எங்கே என்று அது கேட்கும் நேரம். ஊருக்கு வெளியே, கரும்புக்காட்டை ஒட்டிய வீடு. ஜன்னலுக்கு அப்பால் கரும்புத்தோகை இரவு முழுக்கச் சரசரத்துக்கொண்டே இருக்கும். நான் கொசுவலைக்குள் படுத்தபடி அதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘நாடி’ என்றுதான் இருக்கும். வாயில் நாண்டி. 1830களில் ஃபிஜி மொழிக்கு எழுத்து வகுத்த மெதடிஸ்ட் பாதிரியார் டேவிட் கார்கில், அந்த மொழியின் ட, ப, க ஒலிகளுக்கு முன்னால் எப்போதும் ஒரு மூக்கொலி வருவதைக் கவனித்து, இரண்டுக்கும் சேர்த்து ஓர் எழுத்தே போதும் என்று விட்டார். வெள்ளைக்காரப் பயணிகள் இன்றும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ண்ட, ம்ப, ங்க என்று எழுதிப் பழகிய நமக்கு இதில் சிரமமே இல்லை. வணக்கத்துக்கு ‘ம்புலா’. காவா என்ற வேர்ப் பானத்துக்கு ‘யங்கோனா’.

நான் தங்கிய வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். அவருடைய பூட்டனார் வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜிக்கு ஆள் போனது 1903க்கும் 1916க்கும் இடையில்தான். ‘அக்ரிமெண்ட்’ அவர்கள் வாயில் தேய்ந்து ‘கிர்மிட்’ ஆயிற்று. பூட்டனாரின் குடியேற்றச் சீட்டின் நகலைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அதில் உண்டு. 1926இல் இதே நாண்டியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளியில் வீட்டுக்காரர் படித்தவர். ஆனாலும் கையில் மிஞ்சிய தமிழ் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். பேசுவது ஃபிஜி ஹிந்தி. என்னிடம் இருப்பதோ ரயில் ஹிந்தி. இரண்டும் நடுவில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நடந்தன.

நான்காம் நாள் சாயங்காலம் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பையா, இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வெளியே வந்து உட்காருங்க. கிராக் கலக்கப் போறோம்.”

கிராக் என்பது தண்ணீர் கலந்த ரம்முக்கு ஆங்கிலக் கப்பல்காரர்கள் வைத்த பெயர். ஃபிஜி இந்தியர்கள் அதைத் தூக்கி யங்கோனாவுக்கு வைத்துவிட்டார்கள். இதில் ஒரு சொட்டு சாராயம் கிடையாது. காய்ந்த வேர், பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான்.

வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை; கீழே பாய். நடுவில், நான் எதிர்பார்த்தபடி நான்கு கால் வைத்த ‘தானோவா’ என்ற மரப் பாத்திரம் இல்லை. நீல நிற பிளாஸ்டிக் பேசின் இருந்தது. தானோவா விசேஷத்துக்கு, இது தினப்படிக்கு. வேர்த்தூளைத் துணியில் முடிந்து, தண்ணீருக்குள் வைத்து, துணி துவைக்கிற மாதிரி பிசைந்து பிழிந்தார். மழை நின்ற மறுநாள் வாய்க்காலில் ஓடுமே, அந்த நிறம் வந்தது. பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர் ஒருவரும் ஒரு டாக்ஸி ஓட்டுநரும் வந்து சம்மணமிட்டார்கள். கொசுவத்தி ஏற்றியாயிற்று.

கொட்டாங்கச்சியை வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கோப்பைக்கு ‘ம்பிலோ’ என்று பெயர். ஊற்றுபவர் என்னிடம் கேட்டார்: “ஹை டைடா, லோ டைடா?” நிறைய வேண்டுமா, பாதி போதுமா என்று அர்த்தம். தீவுக்காரர்கள் கோப்பையையும் கடல் ஏற்ற இறக்கத்தில்தான் அளக்கிறார்கள். லோ டைட் என்றேன். உள்ளங்கையைக் குழித்து ஒருமுறை தட்ட வேண்டும், வாங்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், குடித்ததும் மூன்று முறை தட்ட வேண்டும். உறிஞ்சிக் குடிப்பது மரியாதையில்லை. சுவையைப் பார்த்தால், உறிஞ்சாமல் இருப்பதே புத்திசாலித்தனமும்கூட. மண்வாடை, வேர்க்கசப்பு, கடைசியில் மிளகின் நிழல் போல் ஏதோ ஒன்று.

நாக்கு காரத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. காரம் வரவில்லை, மரத்துப்போனது. நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் வாங்கி மென்றால் நாக்கின் நுனி காணாமல் போகுமே, அதேபோல. உடனே வறுத்த வேர்க்கடலையும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயும் கையில் திணித்தார்கள். அதற்கு ‘சேசர்’ என்று பெயர்.

முதல் முறை குடிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று டாக்ஸிக்காரர் எச்சரித்தார். எனக்கு நாலாவது சுற்றில் தெரிந்தது. போதை என்று சொல்ல மனம் வரவில்லை. தலை தெளிவாக இருந்தது. சிங்கப்பூரில் மாற்றிய டாலருக்கு எவ்வளவு நஷ்டம் என்று மனக்கணக்குப் போட்டேன், சரியாக வந்தது. ஆனால் தோள்பட்டை தானாக இறங்கியிருந்தது. முழங்கால் இருக்கிற இடம் மறந்துபோனது. பேச்சு எல்லோருக்கும் ஒரு சுருதி தாழ்ந்தது. கரும்பு விலையில் தொடங்கி யாரோ ஒருவரின் மாட்டுக்குப் போய், நடுவில் நீளமான மௌனங்கள். அந்த மௌனத்தை யாரும் அவசரமாக நிரப்பவில்லை. ஊரில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால் அப்படி விடவே மாட்டோம்.

பத்தரைக்குச் சாப்பாடு. பதினொன்றுக்குப் படுத்தேன். கரும்புத்தோகையின் சத்தம் கேட்டதா என்று நினைவில்லை. காலை ஆறரைக்குச் சேவல்.

மறுநாளே நாண்டி சந்தைக்குப் போனேன். காய்கறிக்கு ஒரு பகுதி, யங்கோனாவுக்கு ஒரு பகுதி. சல்லிவேர்க் கட்டு ‘வாகா’, விலை கூடியது, வீரியமும் கூடியது. அடித்தண்டைச் சீவிக் காயவைத்தது ‘லேவேனா’, சாது. நட்டு மூன்றிலிருந்து ஐந்து வருடம் கழித்துத்தான் செடியைப் பிடுங்குவார்கள். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் தோட்டங்களைச் சாய்த்தபோது விலை எங்கோ போய்விட்டதாம். நான் இடித்த தூளாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு தனியாக அறையில் கலக்கினேன். கஷாயம் வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வெந்நீர் ஊற்றினேன். வேரில் கிட்டத்தட்டப் பாதி மாவுச்சத்து என்பது பிறகுதான் தெரிந்தது. துணிக்குள் கஞ்சி காய்ச்சியதுபோல் கொழகொழவென்று ஒன்று திரண்டு, பிழியவும் முடியாமல், வீசவும் மனமில்லாமல் விழித்தேன். வீட்டம்மா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அந்த அம்மாள்தான் கற்றுக்கொடுத்தார். பச்சைத் தண்ணீர் மட்டும். பத்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். வேரின் சத்தான காவாலாக்டோன்கள் தண்ணீரில் கரையாத பிசின். பிசைந்தால்தான் துணியை விட்டு வெளியே வந்து நீரில் கலங்கி நிற்கும். அதில் முக்கியமானவை ஆறு. ஒன்றுக்கு, யங்கோனா என்ற சொல்லிலிருந்தே யாங்கோனின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மூளையைச் சாந்தப்படுத்தும் ‘காபா’ என்ற பொருள் வேலை செய்யும் அதே இடத்தில் இவையும் கைவைக்கின்றன. வயிறு நிறைந்திருந்தால் வேலைக்காகாது, குமட்டும்.

கற்றுக்கொடுத்த கையோடு ஒரு பாட்டு திட்டும் விழுந்தது. எனக்கல்ல, ஊர் ஆண்களுக்கு. இரண்டு கோப்பையோடு எழுந்தால் மருந்து. இவர்கள் இரவு ஒரு மணி வரை பேசின் மேல் பேசின் கலக்குகிறார்கள், காலையில் கரும்பு வெட்ட யார் போவது என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே பார்த்தீர்களா என்றும் கேட்டார். பார்த்திருந்தேன். மீன் செதில் போல் தோல் வறண்டு உரிந்திருந்தது. வருடக்கணக்கில் மிதமிஞ்சிக் குடித்தால் வருவது. ‘கனிகனி’ என்கிறார்கள், விட்டால் சரியாகிவிடுமாம். கல்லீரல் பயமும் உண்டு. அதைச் சொல்லி ஜெர்மனி 2002இல் காவா மருந்துகளைத் தடை செய்தது, 2014இல் அங்குள்ள நிர்வாக நீதிமன்றம் அது செல்லாது என்றது. சாறு இறக்கி மாத்திரையாக விற்றதையும் வேரைத் தண்ணீரில் பிசைந்து குடிப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் இது சேரக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது என்பதில் மட்டும் சச்சரவு இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் ஆகாது. டாக்ஸிக்காரர் அன்று நடந்தேதான் வீட்டுக்குப் போனார்.

செடியை நான் பார்த்தது அந்த வாரக் கடைசியில், மலைமேல் ஒரு கிராமத்தில். கையில் ஒரு கட்டு வேர் இல்லாமல் ஃபிஜிக் கிராமத்துக்குள் நுழையக் கூடாது. தலைவரின் முன் உட்கார்ந்து, கட்டைக் கீழே வைத்து, வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். ‘செவுசெவு’ என்று பெயர். அவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டால் நீங்கள் அந்த ஊர் மனிதர். வெற்றிலைத் தட்டை நீட்டி அழைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்கம் வீட்டுப் பின்புறம் நின்றது. ஆள் உயரச் செடி. இதய வடிவ இலை, தண்டில் புடைத்த கணு. பார்த்த மாத்திரத்தில் கொடிக்கால் நினைவு வந்துவிட்டது. பொய்யில்லை, மிளகு, திப்பிலி, வெற்றிலை, காவா நான்கும் ஒரே பேரினம். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் கூடப்போன ஜார்ஜ் ஃபார்ஸ்டர் இதற்கு ‘மயக்கும் மிளகு’ என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார். இந்தச் செடி விதை கொடுக்காது. மனிதன் தண்டை ஒடித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. கடலில் தீவு தீவாக இது பரவியது முழுக்கப் படகில், யாரோ ஒருவர் கையில்.

மெலனேசியத் தீவுகளின் சமூகங்களைக் ‘காவா மக்கள்’ என்றும் ‘வெற்றிலை மக்கள்’ என்றும் பிரித்து 1914இல் புத்தகம் எழுதியவர் மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். அதற்கு முன் நீலகிரியில் தோடர்களோடு தங்கி ஆராய்ந்தவரும் அவரே. அவர் பிரித்த இரண்டும் என் வீட்டுக்காரரின் வீட்டில் ஒன்றாகிவிட்டன: வெற்றிலை மக்களாகக் கப்பலேறிக் காவா மக்களாக இறங்கியவர்கள்.

கடைசி இரவு, மலையில் பறித்து வந்த ஓர் இலையை அவரிடம் காட்டி இதைச் சொன்னேன். கொட்டகை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பை விரலால் நீவினார். பிறகு கேட்டார்: “இதுக்குத் தமிழில் என்ன பேர்?”

பேர் இல்லை என்றேன். நம்ம ஊரில் இது வளர்வதில்லை.

“ஃபிஜியில் இத்தனை வருஷம் நாங்க இருந்தும் வைக்கலையே,” என்றார். இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ம்பிலோவைப் பேசினில் முக்கினார்.

“லோ டைடா?”

காலை விமானம். ஹை டைட் என்றேன்.