நூல் பிடித்த சத்தம்

எங்கள் தெருவில் சேவல் கிடையாது. என் கார் இருந்தது. காலை 5.40-க்குச் சாவியைத் திருகி இன்ஜின் பிடித்த மறுநொடி ‘கிரீ…ச்’ என்று ஒரு கூச்சல். பத்துப் பதினைந்து நொடி கத்திவிட்டு, யாரோ வாயைப் பொத்தினாற்போல் அடங்கிவிடும். மருத்துவமனைக்குக் காலை ஷிஃப்ட் போகும் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். பால் பாக்கெட் எடுக்க வந்த எதிர்வீட்டு அம்மா ஒருநாள், “உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தானுங்க நான் எந்திரிக்கறதே” என்றார். கோயம்புத்தூரில் குறையைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள்.

கார் 2003 மாடல். சிறிய பெட்ரோல் வண்டி. 2011-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கத்தியது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பானட்டைத் திறந்த ஒவ்வொரு மெக்கானிக்கும் எட்டிப் பார்க்கும் முன்பே சொன்னது ஒன்றுதான்: “ஃபேன் பெல்ட்டுங்க.” இந்தக் காரில் அந்த பெல்ட் ஃபேனைச் சுற்றுவதே இல்லை. ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனியாக மின்மோட்டார் இருக்கிறது. பெல்ட் சுற்றுவது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும். ஃபேன் போய்ப் பல வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. ஆல்டர்னேட்டரைப் பழைய ஆட்கள் இன்னும் ‘டைனமோ’ என்பதுபோல.

வைத்தியம் ஆளுக்கு ஒன்றாக நடந்தது. ஒருவர் பெல்ட்டை இழுத்து டைட் வைத்தார். இன்னொருவர் குளியல் சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து, ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தார். சத்தம் உடனே நின்றது, எனக்கும் மந்திரம் பார்த்த மகிழ்ச்சி. மூன்றாமவர் பிசின் கலந்த ஸ்ப்ரே அடித்தார். மற்றவர்கள் புது பெல்ட் மாட்டினார்கள். எல்லாமே பலித்தன: சோப்பு மூன்று நாள், ஸ்ப்ரே இரண்டு வாரம், புது பெல்ட் சில மாதம். பிறகு ஒரு மழைநாள் காலையில் தெரு மறுபடி விழித்துக்கொள்ளும்.

2021 அக்டோபரில் அது மீண்டும் கத்தியபோது, பெல்ட்டை மாட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இனி யாரிடமும் கொண்டுபோவதில்லை, இது எங்கிருந்து வருகிறது என்று நானே பார்க்கப்போகிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் இந்தச் சத்தத்தைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு கிரைண்டரும் இப்படித்தான் கத்தும். அடியில் மோட்டார், அதிலிருந்து கல்லுக்கு ஒரு பெல்ட். உளுந்து பொங்கி மாவு இறுகும் நேரத்தில் ‘கிரீச்’ என்று ஒரு இழுப்பு. அம்மா பெல்ட் பக்கம் போகவே மாட்டார். “மாவு கெட்டியாயிருச்சு” என்று சொல்லி, ஒரு கை தண்ணீரைத் தெளிப்பார். சத்தம் நின்றுவிடும். அவருக்கு அது பெல்ட்டின் கோளாறு அல்ல; மாவைப் பற்றிய சேதி. இந்த நினைவு அப்போது வந்தது. அதன் பொருள் புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

பெல்ட் ஏன் கத்துகிறது? ரப்பர் வழுக்கினால் சத்தம் வரும் என்பது பாதி உண்மை. சீராக வழுக்கினால் சத்தம் பெரிதாக வராது. ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு என்று நொடிக்குப் பல நூறு தடவை நடந்தால்தான் கிரீச்சிடும். வயலின் வில்லில் தந்தி பாடுவதும், கரும்பலகையில் சாக்பீஸ் பல்லைக் கூசவைப்பதும் இதே வித்தைதான். சோப்பு அந்த ஒட்டலைக் கெடுத்துச் சீராக வழுக்கவிடுகிறது. வாய் மூடுகிறது, வழுக்கல் இன்னும் அதிகமாகிறது.

பிடிமானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. படகுக் கயிற்றைக் கட்டைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு பையன்கூட இழுத்து நிறுத்திவிடுவான். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதினார். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று, கை பிடிக்கும் விசையைப்போல் சுமார் ஆறரை மடங்கு இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்று 40 மடங்குக்கும் மேல். சுற்று கூடக்கூடப் பிடி கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது. குறைந்தால் இறங்குவதும் அப்படியே. காரில் ஆல்டர்னேட்டரின் புல்லிதான் சின்னது. பெல்ட் தழுவும் பரப்பு அங்கேதான் குறைவு, சுமையோ அதிகம். ஆகவே வழுக்கினால் முதலில் அங்கேதான் வழுக்கும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் பெல்ட்டை ஆப்பு வடிவில் செய்தார்கள். 1917-ல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய வி-பெல்ட்டின் சூட்சுமம் அது. என் காரில் இருப்பது அதன் பேரப்பிள்ளை: நான்கு வரிகள் ஓடும் 4பிகே. புல்லியின் ஒவ்வொரு பள்ளமும் 40 டிகிரி கோணம். வரிகள் ஆப்பாக உள்ளே இறங்கிக் கவ்வும்.

பெல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் இல்லை. நல்ல பெல்ட் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. வெடித்துக் காட்டியது பழைய நியோப்ரீன் ரப்பர். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் வெடிக்காமல் டயர்போலத் தேய்ந்துகொண்டே போகும். வரிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு வரியிலும் ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டதுபோல் பளபளத்தது. மறுபக்கம் மங்கலாக இருந்தது. அதைக் குறித்து வைத்தேன். என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. வண்டி ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்வாக இருந்து வழுக்குகிறது. சத்தம் நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. ஒரு ஞாயிறு மதியம், சட்டைக் கையை மடித்துவிட்டு, இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலோடு எட்ட நின்று பீய்ச்சினேன். அப்போது கூச்சல் இல்லை. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் ‘கீச்… கீச்… கீச்’ என்று அணில்போல ஒரு சின்னச் சத்தம் விடாமல் இருந்தது. தண்ணீர் பட்டதும் நின்றது. ஒரு நிமிடத்தில் திரும்பியது. அப்படியானால் புல்லி நேரில் இல்லை. மறுநாள் காலை 5.40-க்கு அதே பாட்டில், அதே பெல்ட். தண்ணீர் பட்டதும் கூச்சல் இரண்டு மடங்கானது. அப்படியானால் வழுக்கல்.

ஒரே பெல்ட் இரண்டு பதில் சொன்னதில் இரண்டு நாள் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. இரண்டு பதிலும் சரி. நான்தான் இரண்டு சத்தத்தை ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அணில் நாள் முழுக்க இருக்கிறது. கூச்சல் விடியற்காலையில் மட்டும்.

இரண்டும் எப்போது பிறந்தன? காரின் பில்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தரையில் தேதிவாரியாகப் பரப்பினேன். 2012-ல் ஒரு பெல்ட். அடுத்த பெல்ட் 2019 செப்டம்பரில். நடுவில் முதல் ஆறு வருடம் ஒரு முனகல் இல்லை. அதன்பின் 2020 டிசம்பர், 2021 ஜூலை என்று பெல்ட் மேல் பெல்ட். அந்த ஆறு வருட அமைதிக்கும் அதன்பின் வந்த அமளிக்கும் நடுவே ஒரு பில் கிடந்தது: 2018 டிசம்பர், ‘ஆல்டர்னேட்டர் இறக்கி பேரிங் மாற்றியது’.

இத்தனை மெக்கானிக்குகளில் ஒருவர்கூட ‘இது எப்போதிருந்து?’ என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் நூல் மில்லில் ஃபிட்டர். ரிங் ஃபிரேம் பராமரிப்பு. மோட்டாரிலிருந்து மெஷினுக்குப் போகும் பெல்ட்டுகளோடே வாழ்ந்தவர். அவரிடம் பெல்ட்டைக் காட்டினேன். வரியின் பளபளத்த பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

“ஒரு பக்கமாவே சாஞ்சு ஓடியிருக்குது தம்பி. இத்தன பெல்ட்டு மாத்துனீங்களே, அது ஓடற பாதையப் பாத்தீங்களா?”

“இல்லீங்க ஐயா.”

“செரி, நூல் கொண்டாங்க.”

முன்சக்கரத்தைக் கழற்றி, உள் பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டால் புல்லிகள் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை நூலின் ஒரு முனையை நான் இன்ஜினின் கிராங்க் புல்லியின் முதல் பள்ளத்தில் அழுத்திப் பிடித்தேன். அவர் மறுமுனையை இழுத்து ஆல்டர்னேட்டர் புல்லிவரை கொண்டுபோனார். நூல் நேராக அதன் முதல் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லை; பள்ளத்துக்கு வெளியே விளிம்பில் உட்கார்ந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்தார். இடைவெளி 3 மில்லிமீட்டர். புல்லிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஓர் அடி. ஓர் அடிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. “மில்லுல இந்த மாதிரி விட்டா மேஸ்திரி கிட்டச் சேர்க்க மாட்டாரு” என்றார்.

ஆல்டர்னேட்டரின் காதுக்குள் ஒரு நீள போல்ட் போகிறது. காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு தடித்த வாஷர் இருந்திருக்க வேண்டும். போல்ட்டில் அது உட்கார்ந்திருந்த தடம் வட்டமாகத் தெரிந்தது. வாஷர் இல்லை. 2018-ல் இறக்கி ஏற்றியபோது எங்கோ உருண்டிருக்கும். அது இல்லாத குறையில் ஆல்டர்னேட்டர் 3 மில்லிமீட்டர் பின்னே போய், பெல்ட் மூன்று வருடம் கோணலாக ஓடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டைட் வைத்தோம். டைட் வைத்தால் பெல்ட் வாய் மூடும்; பேரிங் வாய் திறக்கும். பெரியவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். “இன்னும் கரகரப்பு வரல. தப்பிச்சீங்க.”

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் அளவுக்கு ஏற்ற வாஷர் கிடைத்தது. மாட்டினோம். புது பெல்ட்டை நீளமான இடத்தில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் 8 மில்லிமீட்டர் இறங்கும் அளவுக்கு இழுத்தோம். நூல் பள்ளத்தில் அப்படியே இறங்கியது. அணில் போயிற்று.

திங்கட்கிழமை காலை 5.40. கிரீ…ச்.

முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் அதே கூச்சல். எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் அம்மாவின் கிரைண்டர் மறுபடி நினைவுக்கு வந்தது. பெல்ட்டை விடு; மாவு ஏன் இறுகியது?

ஆல்டர்னேட்டருக்கு மாவு பேட்டரிதான். பேட்டரி எவ்வளவு காலியோ, ஸ்டார்ட் ஆனதும் அவ்வளவு மின்சாரத்தை உறிஞ்சும். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். கிட்டத்தட்ட ஒரு குதிரைச்சக்தியை அந்தச் சின்னப் புல்லி வழியாக இழுக்க வேண்டும், அதுவும் ஈரக் காலையில். கொஞ்சம் நிரம்பியதும் சுமை குறையும், கூச்சலும் அடங்கும். பத்துப் பதினைந்து நொடிக் கணக்கு அங்கே பொருந்தியது. ஞாயிறு முழுக்கச் சும்மா நின்ற வண்டி திங்கள் காலையில்தான் அதிகம் கத்தியது என்பதும் பொருந்தியது. அப்படியானால் நிற்கும்போது யாரோ பேட்டரியைக் குடிக்கிறார்கள்.

வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மல்ட்டிமீட்டரை மாட்டினேன். தூங்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்குள் குடித்தால் சாதாரணம். என்னுடையது 180 காட்டியது. ஒன்றரை நாளில் ஆறரை ஆம்பியர்-மணி. என் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒன்றைப் பிடுங்கியதும் எண் 20-க்கு விழுந்தது. அது மியூசிக் சிஸ்டம். 2020 தீபாவளிக்கு ஆசைப்பட்டு மாட்டியது. சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாமே என்று, ஒயரை நேராகக் கொடுக்கச் சொன்னவன் நான்தான். ஃபைலில் அந்த பில்லும் இருந்தது. பெல்ட் பில்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒயரைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்துக்கு மாற்றினேன். கூச்சல் நின்றது.

அதற்குப் பிறகும் ஒருமுறை கத்தியது. விடிய விடிய மழை பெய்த ஒரு காலை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியின் பனி போக முழு வேகத்தில் ப்ளோயர். ‘கீ’ என்று ஆரம்பித்தது. மனைவி வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். நான் பானட் லீவரைத் தேடவில்லை. ப்ளோயரை அணைத்துவிட்டுப் பத்து நொடி காத்திருந்தேன். அடங்கியது.

“என்ன பண்ணினீங்க?” என்றாள்.

“ஒரு கை தண்ணி தெளிச்சேன்” என்றேன்.