வாரந்தோறும் ஒரு பக்கம்

கணினிக்கு நிரல் எழுதுவோரிற் பலர், தாம் செய்ததைப்பற்றி ஒரு வரியேனும் எழுதி வைப்பதில்லை. நிரலே எழுத்தன்றோ, அதற்கு மேலும் ஓர் எழுத்து எதற்கு என்பது அன்னார் வாதம். இதில் பாதியே உண்மை. பொறி என்ன செய்யவேண்டும் என்பதை நிரல் ஐயந்திரிபறச் சொல்லும். ஏன் அவ்வாறு செய்யவேண்டும் என்பதைச் சொல்லாது. அந்தக் காரணம் எழுதியவன் நெஞ்சிலே இருக்கும். அவன் ஊரைவிட்டுப் போனால் அதுவும் உடன் போய்விடும்.

ஊரைவிட்டுப் போவது நம் பகுதிக்குப் புதுமையன்று. புல்மோட்டையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்குகளுக்கு நிரல் எழுதிக்கொடுத்த இளைஞர், ஈராண்டின்பின் கட்டாருக்குத் தொழில் தேடிச் சென்றுவிட்டார். நிரல் என் பொறுப்பில் வந்தது. குறிப்பு எதுவும் உடன் வரவில்லை. அதனுள்ளே விந்தையான வரியொன்று இருந்தது. நவம்பர் முதல் ஜனவரி ஈறாகத் தவணை தவறிய சிலருக்குத் தண்டவட்டி ஏறவில்லை. வேறு சிலருக்கு ஏறிற்று. இரு சாராரையும் ஒன்று, இரண்டு என்னும் இலக்கங்களே பிரித்தன. கொழும்பிலிருந்து எனக்கு உதவிய நண்பர், "இது பிழை, வரியை நீக்கிவிடும்" என்றார். கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும்.

நீக்குமுன் சங்கத்தின் முதிய பொருளாளரிடம் சென்று, "நானா, இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் வட்டி ஏன் ஏறவில்லை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தம்பி, வாடைக்காற்றுக்குக் கடலில் தோணி இறங்குமா? இறங்காதவனிடம் தண்டம் கேட்பதா?"

ஒன்று என்றது கடற்றொழிலாளரை. இரண்டு என்றது கொக்கிளாய்க் களப்பில் வலை போடுவோரை. பின்னவர்க்கு மாரியிலும் ஓரளவு வருவாய் உண்டாதலின் சலுகை இல்லை. சங்கக் கூட்டத்தில் நெடுநேரம் பேசி எடுத்த முடிபு அது. முடிபு நிரலில் ஏறியது, காரணம் ஏறவில்லை. அவ்வரியை நீக்கியிருந்தால், அடுப்பெரியாத மாதங்களிலேயே கடலை நம்பிய குடும்பங்களின் தலையில் தண்டவட்டி விழுந்திருக்கும். அதனை அறிந்திருந்த ஒருவரும் முதுமையடைந்திருந்தார் என்பதை எண்ணுகையில் இன்றும் நெஞ்சு துணுக்குறுகின்றது.

அந்த வாரமே எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகச் சங்கக் காரியாலயம் மூடப்படும். அவ்வேளையில் அரைமணி நேரம் எனக்குப் போதும். அவ்வாரம் எதை மாற்றினேன், யார் கேட்டு மாற்றினேன், எவ்வழிகளை எண்ணிப் பார்த்துக் கைவிட்டேன் என்பவற்றை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுவேன். கைவிட்ட வழிகளே முக்கியமானவை. நிரலில் அவற்றுக்குத் தடமே இராது. நாள்தோறும் எழுதினால் சுமையாகிச் சில வாரங்களில் நின்றுபோகும். மாதமொருமுறை என்றாலோ காரணங்கள் மறந்துபோகும். எமது கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் அவதானம் ஒருபுறமும் அனுமானம் ஒருபுறமும் எழுதிப் பழகியவர்க்கு இவ்வொழுங்கு கடினமன்று.

எல்லாவற்றையும் எழுதவேண்டுவதுமில்லை. புல்மோட்டைக் கரையில் அலைகள் இலேசான மணலை இழுத்துச் சென்று, இல்மனைற்று முதலிய கனமான கருமணலைக் கரையிலே விட்டுவிடும். ஒரு வாரத்து வேலையில் கனமானது பெரும்பாலும் நான்கைந்து வரியே.

நிரலின் மாற்றங்களைச் சேமிப்பதற்கு, லினஸ் தோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிற் என்னும் கருவி உண்டு. எவ்வரி எந்நாளில் மாறிற்று என்பதை அது தப்பாமற் காட்டும். ஆயினும் அதிலும் "திருத்தம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவோர் பலர். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் அவ்வாறு நின்றாரல்லர். நூல்களை அச்சுக்கோக்கும் டெக் என்னும் தம் நிரலை 1978இல் முதன்முதற் பிழை நீக்கிய காலந்தொட்டுப் பத்தாண்டு மாற்றங்களை ஒன்றுவிடாது பதிந்தார். 850க்கு மேற்பட்ட அப்பதிவுகளைப் பதினைந்து வகையாகப் பிரித்து 1989இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். தம் பிழைகளுக்குத் தாமே பட்டியலிட்டு ஊரறியச் செய்யும் துணிவு யாவர்க்கும் வாய்ப்பதன்று. கணினி தோன்றுவதற்கு இரு நூற்றாண்டு முன்பே, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருடன் வணிகம் செய்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 முதல் 1761 வரை தாம் கண்டதும் கேட்டதும் தமிழிலேயே எழுதி வைத்தார்.

என் குறிப்பும் தமிழிலேதான். நிரல் ஆங்கில எழுத்தில் இருப்பதாற் பொருளாளர் அதனைத் தொடமாட்டார். குறிப்பேட்டையோ மாதமொருமுறை கண்ணாடி அணிந்து வாசிப்பார். ஒருமுறை என் வரிக்குக் கீழே, "காற்று முந்தி விழுந்தாற் சங்கம் கூடி நாள் குறிக்கும்" என்று தம் கையாலேயே சேர்த்தார். அதன்பின் சலுகை முடியும் நாளை நிரல் சங்கத்தாரிடம் கேட்டே கணக்கிடுகின்றது.

இப்பொழுது சங்கத்தில் கணக்குப் பழகும் ஒரு மாணவி, எனக்கு உதவியாக அந்நிரலையும் பார்க்கின்றார். அந்த ஒன்று, இரண்டைப்பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை குறிப்பேட்டைத் திறந்தேன். அவ்வாரத்துப் பக்கம் அவர் கையெழுத்தில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.