நிறுத்தத் தெரிந்த கை

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் ஹொக்சன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முதல் தடவை அங்கே போனபோது எனக்கு அறுபத்தொரு வயது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உழுத வயல், ஓரத்தில் வேலிமரங்கள், மேலே சாம்பல் நிற வானம். ஆனாலும் குளிரில் அரை மணி நேரம் நின்றேன். கோயில் வாசலில் நிற்பதுபோல்தான் இருந்தது.

1992 நவம்பர் 16 அன்று அந்த ஊர் வயலொன்றில் எரிக் லோஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒரு சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தார். குத்தகைக்கு விவசாயம் செய்த நண்பர் அதை வயலில் எங்கோ தவறவிட்டிருந்தார். லோஸ் ஓய்வுபெற்றபோது அவருக்குப் பரிசாகக் கிடைத்த மெட்டல் டிடெக்டர் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு நடந்தார். ஓரிடத்தில் கருவி உரத்துக் கத்தியது. தோண்டினார். நாணயங்கள், தங்கச் சங்கிலி, வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். இருவரும் தகவல் சொன்னார்கள். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து மீதியை முறைப்படி எடுத்தார்கள்.

மொத்தம் 14,865 ரோமானிய நாணயங்கள். அவற்றில் 569 தங்கம். நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் இருநூறு அளவில். பெட்டியின் மரம் உக்கிப் போயிருந்தது. ஆனால் பொருட்கள் குலையாமல் கிடந்ததால் எது எதற்குள் இருந்தது, எப்படி அடுக்கி வைத்தார்கள் என்று படிக்க முடிந்தது. உள்ளே சின்னப் பெட்டிகளும் இருந்தன என்பதற்கு அவற்றின் குட்டி வெள்ளிப் பூட்டுகள் சாட்சி. உடையாமல் இருப்பதற்காக வைக்கோல் இட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வளையலில் ஜூலியானா என்ற பெண்ணின் பெயர். ரோமானியர் பிரித்தானியாவை விட்டு நீங்கிய ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், திரும்பி வருவோம் என்று நம்பிய ஒரு குடும்பம் புதைத்தது போலும். வரவில்லை.

லோஸ் அன்று தொடர்ந்து தோண்டியிருந்தால் தங்கம் அவ்வளவும் கிடைத்திருக்கும். வைக்கோலும் பூட்டுகளும் பெட்டியின் தடமும் மண்வெட்டியில் போயிருக்கும். நகையும் காசும் மிஞ்சியிருக்கும், பெட்டி கட்டிய கையின் தடம் போயிருக்கும். அவருக்கும் நண்பருக்கும் கிடைத்த வெகுமதி 17,50,000 பவுண். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. புதையலோடு அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அந்த மியூசியத்தில் நான் அதிக நேரம் நிற்பது தங்கத்தின் முன்னால் அல்ல. ஹொக்சனில் கிடைத்த வெள்ளி மிளகுச் சிமிழ் ஒன்று உண்டு. ஒரு சீமாட்டியின் அரையுருவம், கையளவு. அடியில் உள்ள தட்டைத் திருப்பினால் ஒரு நிலையில் மூடும், ஒரு நிலையில் மிளகு நிரப்பலாம், இன்னொரு நிலையில் தூவலாம். அந்த மிளகு எங்கிருந்து போயிருக்கும்? சேரநாட்டு மலைகளிலிருந்து முசிறி போன்ற துறைகள் வழியாக ரோமுக்குக் கப்பல் ஏறிய மிளகின் வழியில் வந்தது. அதற்கு விலையாக வந்த பொன் நம் மண்ணில் கிடந்தது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் அகப்பட்டன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்கு மேல் உளியால் வெட்டியிருந்தார்கள். சிமிழ் இங்கே, பொற்காசு அங்கே. இரண்டையும் புதைத்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தியவன். இங்கிலாந்துக்கு வந்தபின் மின்கருவித் தொழிற்சாலையில் வேலை. ஓய்வுபெற்றதும் நானும் ஒரு டிடெக்டர் வாங்கினேன். கருவியின் சூட்சுமம் எனக்குப் பழகியதுதான். சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது திருப்பி அனுப்பும் சமிக்ஞையை இன்னொரு சுருள் பிடித்துக் காதில் ஒலியாக்கும். ஒரு காசென்றால் ஏழு எட்டு அங்குலம் வரைதான் பெரும்பாலும் கேட்கும். ஈர உப்பு மணலில் சாதாரணக் கருவி குழம்பும், கடற்கரைக்கு வேறு வகை வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்று. கருவியில் குப்பையை ஒதுக்கும் வசதி இருக்கிறது. ஆணி, வெள்ளித்தாள், சோடாப் பேணியின் இழுவளையம் எதற்கும் சத்தம் போடாதே என்று அதற்குச் சொல்லிவிடலாம். நானும் சொன்னேன். ஒரு வருடம் நிம்மதியாக நடந்தேன், தங்கம் ஒரு குண்டுமணி கிடைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது: மெல்லிய தங்க மோதிரமும் அலுமினிய இழுவளையமும் கருவியின் காதுக்கு ஏறக்குறைய ஒரே குரல். குப்பையை ஒதுக்கிய அன்றே மோதிரத்தையும் ஒதுக்கிவிட்டேன். அந்த வசதியை அணைத்தேன். அதன்பின் ஒரு கடற்கரை ஊரில் நூறு வளையங்களைக் குனிந்து குனிந்து எடுத்தேன். நூற்றுச் சொச்சத்தில் ஒன்று கல்யாண மோதிரம். உள்ளே எழுத்தும் தேதியும் வெட்டியிருந்தது. அந்தக் கடற்கரை ஊரில் விசாரித்து உரியவரைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. அதைக் கையில் வாங்கிய கிழவி எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய கூலி அதுதான்.

ஆகப் பெரிய தவறும் உண்டு. இரண்டாவது வருடம், நிலக்காரரின் அனுமதியோடு ஒரு வயல் மூலையில் தேடினேன். நல்ல ஒலி. ஒரு வெள்ளிக்காசு. பக்கத்திலேயே இன்னொன்று. மாலை இருண்டுகொண்டிருந்தது, எனக்குக் கை நடுங்கியது. மண்வெட்டியை ஆழமாக இறக்கினேன். கடக் என்று ஒரு சத்தம். சின்ன மண்குடுவை. மூன்று காசும் ஓட்டுத்துண்டுகளும் மண்ணோடு கலந்து மேலே வந்தன. அவற்றைப் பதிவுசெய்யும் அலுவலரிடம் கொண்டுபோனேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. குடுவை நிமிர்ந்திருந்ததா, கவிழ்ந்திருந்ததா? காசுகள் உள்ளேயா, வெளியேயா? அடியில் கல் ஏதும் வைத்திருந்ததா? கேட்டுக்கொண்டே போனார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பதில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக மண்ணில் இருந்தது. நான்தான் ஒரு நிமிடத்தில் கலைத்தேன்.

2010இல் ஃபுரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிறிஸ்ப் என்பவருக்கு ஒரு பெரிய பானை அகப்பட்டது. வாயைக் கண்டதும் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு ஆட்களை அழைத்தார். உள்ளே 52,503 காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. கடைசியில் அச்சிட்ட காசுகள் மேலே இல்லை, நன்றாகக் கீழே கிடந்தன. அப்படியானால் உண்டியலில் சேர்ப்பதுபோல் வருடா வருடம் போட்டதல்ல, ஒரே தடவையில் கொட்டியது. தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாகவும் இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். அவர் பொறுமை இழந்து வாரி எடுத்திருந்தால் இந்த எண்ணத்துக்கே இடமிருந்திருக்காது.

2015இல் நடந்ததைப் பாருங்கள். ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு புதையல்கள் அந்த ஒரே ஆண்டில் இங்கே கிடைத்தன. வாட்லிங்டனில் கண்டெடுத்தவர் முறையாக அறிவித்தார், மண்கட்டியோடு தூக்கிப்போய் ஆய்வுக்கூடத்தில் பிரித்தார்கள், இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. லெம்ஸ்டருக்குப் பக்கத்தில் கண்டெடுத்த இருவர் மறைத்து விற்றார்கள். முந்நூறு காசுகள் வரை இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது, மீண்டது முப்பது அளவில். 2019இல் அவர்கள் சிறைக்குப் போனார்கள். சிறையை விட எனக்கு வலிப்பது வேறு. ஆல்ஃபிரட் மன்னரோடு செயோல்வுல்ஃப் என்ற மெர்சிய அரசரும் சரிசமமாக நாணயம் அடித்திருக்கிறார் என்று காட்டும் காசுகள் அவை. பழைய ஏடுகள் செயோல்வுல்ஃபைக் கைப்பாவை என்று தள்ளிவைத்திருந்தன. இறந்தவனுக்காகப் பேச வந்த சாட்சிகளைச் சில்லறையாக விற்றுவிட்டார்கள்.

இங்கே சட்டம் தெளிவானது. நிலக்காரரின் அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது. முந்நூறு ஆண்டைத் தாண்டிய பொன் வெள்ளிப் பொருள் கிடைத்தால், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மியூசியம் வாங்கினால் கண்டவருக்கும் நிலக்காரருக்கும் பணம் வரும். ஊரிலிருந்து சிலர் போனில் கேட்பார்கள், "அண்ணை, வரேக்கை அந்த மெசினைக் கொண்டு வாங்கோ, இஞ்ச எத்தினை இடம் கிடக்கு." நான் மறுத்துவிடுவேன். இலங்கையில் அனுமதியின்றிப் புதையல் தோண்டுவது 1940இன் தொல்பொருள் சட்டப்படி குற்றம். இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மண்ணில் அந்தக் கருவியின் ஒலிக்கு வேறு பொருள்.

கையில் தூக்கிச் செல்லும் நல்ல கருவி ஒன்றை 1941இல் ஸ்கொட்லாந்தில் இருந்து உருவாக்கியவர் யோசெஃப் கோசாட்ஸ்கி என்ற போலந்து இராணுவ அதிகாரி. அது கண்ணிவெடி தேடுவதற்கு. அடுத்த வருடம் எல் அலமெயின் பாலைவனத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின்தான் இந்தக் கருவிகள் வயலுக்கும் கடற்கரைக்கும் பொழுதுபோக்காக வந்தன. இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து நான் ஏ9 வீதியால் முகமாலையைத் தாண்டியபோது அதே கருவியை மறுபடி பார்த்தேன். முகக்கவசம் போட்ட பெண்கள், கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு, வெயிலில் முழங்காலில் நின்று மிதிவெடி தேடினார்கள். ஒலி வந்தால் கை உடனே நிற்கும். அடையாளம் வைப்பார்கள். பக்கவாட்டில் இருந்து மண்ணை மயிரிழை மயிரிழையாக விலக்குவார்கள். நாள் முழுக்க உழைத்தாலும் சில சதுர மீட்டர்தான். இங்கே வயலில் ஒலி கேட்டதும் துள்ளும் என் மனதை அன்று நினைத்துக்கொண்டேன். நான் வந்த வாகனம் நகர்ந்தபின்னும் தலையைத் திருப்பி அவர்களையே பார்த்தேன்.

என் அம்மாவும் ஒன்று புதைத்தா. அது 1995 ஒக்டோபர் 30. யுத்தத்துக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நடந்தது. அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. கிளம்புவதற்கு முன் கிணற்றடியில், கமுகுக்கும் துணி தோய்க்கும் கல்லுக்கும் நடுவில் முழ ஆழம் தோண்டி ஒரு பால்மாப் பேணியை வைத்தா. தாலிக்கொடி, தங்கச்சியின் காப்புகள், இரண்டு சங்கிலி. அவற்றோடு பொலித்தீனில் சுற்றி எங்கள் மூன்று பேரின் சாதகக் கொப்பிகள். மேலே சாம்பலும் சருகும் பரவிவிட்டு நடந்தா.

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது கமுகு இல்லை, கல் இருந்தது. குழி திறந்திருந்தது. யார் என்று தெரியாது, இன்றுவரை யாரையும் நினைத்துச் சொல்வதற்கில்லை. பேணி குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. பொலித்தீனைக் கிழித்துப் பார்த்து, காகிதம் என்று கண்டதும் எறிந்திருக்கிறார்கள். இடையில் மாரிமழை பெய்திருந்தது. கொப்பிகள் களியாகிக் கிடந்ததை அம்மா சுளகில் அள்ளி வெயிலில் வைத்தாவாம். ஓரெழுத்தும் மிஞ்சவில்லை. நகைக்கு அழவில்லை, கொப்பிக்கு அழுதா என்று தங்கச்சி கடிதம் எழுதியிருந்தாள்.

இப்போது ஒரு ஈயக்குண்டு கிடைத்தாலும் நான் ஒரு சின்ன உறைக்குள் போட்டு எழுதிவைக்கிறேன். எந்த வயல், வரைபடத்தில் எந்தப் புள்ளி, எத்தனை அங்குலம், பக்கத்தில் என்ன. விற்றால் ஒரு பவுண்கூடத் தேறாது. போன சனிக்கிழமை பேரன் என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எதற்கு அப்பப்பா?"

பேணியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீங்கள் எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள்?" என்றான்.

2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் ஊருக்குப் போனபோது இதைத்தான் நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா நீண்ட நேரம் யோசித்தா. தோய்கல்லில் இருந்தபடி கிணற்றடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா, "விடியப்புறம், ராசா. கோழி கூவ முன்னம்."