ஐயாவின் இடக்கைக் கத்தி

எமது ஐயா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலசரக்குக் கடை நடத்தி வருபவர். வந்திறங்கும் சாக்குகளையும் பெட்டிகளையும் தம் கையாலேயே வெட்டித் திறப்பது அவர் வழக்கம். அதற்கென ஒரு வில்லுக்கத்தி எந்நேரமும் அவர் மடியில் இருக்கும். சென்ற ஆண்டு அவரைப் பாரிசவாதம் தாக்கிற்று. பேச்சு மீண்டது, நடை மீண்டது, வலக்கை மட்டும் முழுமையாக மீளவில்லை. கடைக்குத் திரும்பிய முதல் நாள், அவர் கத்தியைப் பற்களாற் கடித்துத் திறக்க முயன்றதை நாம் கண்டோம். உதவ வந்த கடைப்பையனைப் பார்த்து, "பொறு, நான் செய்வன்" என்றார். செய்ய முடியவில்லை. கத்தியைப் பேசாமல் மேசைமேல் வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டார்.

ஒரு கையால் திறக்கும் மடிப்புக் கத்திகள் கடைகளில் இல்லாமலில்லை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை வலக்கைக்காரருக்கென்றே அமைந்தவை. மடிந்துவிடாதபடி அலகைத் தாங்கும் பூட்டை வலக்கைப் பெருவிரல் எளிதாகத் தள்ளும். இடக்கைப் பெருவிரலோ தடுமாறும். ஆகவே ஐயாவுக்கென ஒரு கத்தியை வீட்டிலேயே செய்வது என்று துணிந்தோம். பிள்ளைகளின் கல்விக்கென வாங்கிய முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று எம்மிடம் இருந்தது.

இப்பொறியைப் பற்றி வாசகர்களுக்கு ஒரு சொல். நூல்போன்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மெல்லிய கோடுகளாக இட்டு, படையின்மேற் படையாக அடுக்கிப் பொருளை உருவாக்குவது இதன் தொழில். ஒரு படையின் தடிப்புப் பொதுவாக 0.2 மில்லிமீற்றர். இம்முறைக்கு அமெரிக்கரான ஸ்கொட் கிரம்ப் 1989 இல் காப்புரிமை கோரினார். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர் 2005 இல் தொடங்கிய முயற்சியும், 2009 இல் அக்காப்புரிமை காலாவதியானமையும் சேர்ந்தே இப்பொறியைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

அலகை நாம் செய்யவில்லை. அது எஃகின் வேலை. கடையில் விற்கும் சரிவக வடிவ அலகையே எடுத்துக்கொண்டோம். வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது நீளம் ஏறத்தாழ 61 மில்லிமீற்றர், அகலம் 19, தடிப்பு 0.6 என்று கண்டோம். ஒரு முனை மழுங்கினால் மறுமுனையைத் திருப்பிப் போடலாம். அலகைப் பற்றும் தாங்கி, கைப்பிடியின் இரு பக்கங்கள், அவற்றை இணைக்கும் 3 மில்லிமீற்றர்த் திருகாணி, தாங்கியின் பின்னே பாய்ந்து நிற்கும் பூட்டு நாக்கு என்பவற்றைக் கணினியில் வரைந்தோம். அசையும் பாகங்களுக்கிடையே 0.3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். விடாவிட்டால் அவை இறுகிவிடும். முடிவில் முழு உருவத்தையும் கண்ணாடி விம்பமாகத் திருப்பினோம். வலக்கைக் கத்தி ஒரு நொடியில் இடக்கைக் கத்தியாயிற்று. தொழிற்சாலைக்குப் பெருஞ்செலவாகும் மாற்றம் கணினிக்கு ஒரு சொடுக்கு!

எமது பெருமிதம் மூன்று நாள் நிலைத்தது. மேற்பரப்பு அழகாக வரட்டும் என்று கைப்பிடியை நிமிர்த்தி அச்சிட்டிருந்தோம். அதனாற் படைகள் பூட்டு நாக்கின் குறுக்கே அமைந்தன. படைக்கும் படைக்கும் இடையிலுள்ள பிடிப்பே இவ்வகைப் பொருளின் நலிந்த இடம். கயிறு ஒன்றை வெட்டிச் சோதித்தபோது நாக்கு முறிந்தது. அலகு மடிந்து எமது சுட்டுவிரலிற் பாய்ந்தது. வலியைவிட, அது ஐயாவின் விரலாக இருந்திருந்தால் என்ற எண்ணமே எம்மை நடுங்கச் செய்தது. அவரிடம் எஞ்சியிருப்பது ஒரு கையன்றோ!

கட்டை மறைக்க முயன்றோம். ஐயாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. "தம்பி, எனக்குக் கத்தி செய்யிறன் எண்டு உன்ரை கையையும் குடுத்திடாதை" என்றார். பின்பு தம் பழைய வில்லுக்கத்தியை எம்மிடம் நீட்டினார். "இதிலை மரம் எங்கை இருக்கு, இரும்பு எங்கை இருக்கு எண்டு பார். மரம் கைக்கு. பாரம் இரும்புக்கு."

அதனுள் ஒரு பாடமே இருந்தது. பிளாஸ்டிக்கால் ஆகாத வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்தது எம் தவறு. எமது பள்ளிக்காலத்து எஃகு அடிமட்டத்தை வெட்டி அராவிப் பூட்டு நாக்காக்கினோம். அலகு வந்து நிற்குமிடத்தில் இரும்பாணி ஒன்றைக் குறுக்கே செலுத்தினோம். கைப்பிடியைப் படுக்கவைத்து அச்சிட்டோம். ஆயினும் அடுத்த கைப்பிடியும் தவறிற்று. மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியடியில் வெயிலில் இருந்து அது வளைந்துபோயிற்று. சோளம், கரும்பு முதலியவற்றிலிருந்து பெறப்படும் பிஎல்ஏ என்னும் அப்பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். எம் நாட்டு வெயிலில் மூடிய வண்டிக்குள் அவ்வெப்பம் அரிதன்று. ஆகவே 80 பாகையளவும் தாங்கும் பிஇடிஜி என்பதற்கு மாறினோம்.

இம்முறை அவசரப்படவில்லை. இரண்டு வாரம் நாமே கையுறை அணிந்து அதனைப் பயன்படுத்தினோம். தடித்த அட்டை, தும்புக்கயிறு, சாக்கு யாவற்றையும் வெட்டிப் பார்த்தோம். விரித்த அலகின் முதுகை மரக்கட்டையிற் பலமுறை அழுத்திப் பார்த்தோம். பூட்டு அசையவில்லை. மாணவ நேயர்கள் இத்தகைய பொறியிற் பழகுவதாயின், கத்தியில் தொடங்காது வேறு பொருளிற் தொடங்குவதே அறிவு. எம் விரலின் தழும்பு அதற்குச் சாட்சி.

ஒரு காலை, சீனிச் சாக்கு வந்திறங்கியது. ஐயா இடக்கையாற் கத்தியை எடுத்தார். பெருவிரலால் மெல்லத் தள்ளினார். "டக்" என்று பூட்டு விழுந்தது. சாக்கின் தையலை ஒரே இழுப்பில் அறுத்தார். பின்பு பூட்டைத் தள்ளி, தொடையோடு அணைத்து மடித்து, மடியிற் செருகினார். கடைப்பையன் வாய்பிளந்து நின்றான். நாம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டோம், கண்கள் கலங்கியிருந்தன.

பாராட்டு வருமென்று சற்றே காத்திருந்தோம். ஐயா சாமான் வாங்க வந்தவரைப் போலவே கத்தியை மறுபடி எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பிடி இன்னுங் கொஞ்சம் தடிப்பாய் இருந்தால் நல்லது" என்றார்.

அன்று மாலையே கணினியின் முன் அமர்ந்தோம். பழைய ஐயா எமக்கு மீண்டும் கிடைத்துவிட்டார்.