கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி வழங்குகிறது. மிஞ்சியதைக் கொடுப்பதும் நல்லதே. ஆனால் எதைக் கொடுத்தார்கள் என்பதைவிட எப்படிக் கொடுத்தார்கள் என்பதே வாங்கியவர் நெஞ்சில் நெடுநாள் நிற்கிறது. இதை நான் எங்கள் அம்மாச்சியிடம் கற்றேன்.

எங்கள் ஊரில் அரிமா சங்கம் ஒன்று உண்டு. மளிகைக் கடைக்காரர், வங்கி அலுவலர், அச்சக உரிமையாளர் எனப் பலரும் அதில் உறுப்பினர்கள். ஜூன் மாதம் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள், பொங்கலுக்குத் தூய்மைப் பணியாளர்களுக்கு அரிசியும் வெல்லமும், கிறிஸ்துமஸ் காலத்தில் முதியோர் இல்லத்துக்குப் போர்வைகள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தொண்டு நடந்துகொண்டே இருக்கும்.

அம்மாச்சி எல்லா உதவியையும் ஏற்பவர் அல்லர். ஒருமுறை பண்டிகைக்கு முன் வேறோர் இடத்தில் இலவசச் சேலை வழங்கினார்கள். அவர் போகவில்லை. காரணம் கேட்டேன். “வாங்குறதுக்கு வெட்கம் இல்லத்தா. சேலையோட ஒரு முனைய அவுக பிடிக்க, மறுமுனைய நான் பிடிக்க, படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமே, அதுதான் முடியல” என்றார்.

அதே அம்மாச்சி, அரிமா சங்கத்தார் நடத்திய கண் சிகிச்சை முகாமுக்குத் தாமாகவே கிளம்பினார். கண்புரையால் அரிசியில் கல் பொறுக்கக்கூட அவரால் முடியாமல் போயிருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் ஞாயிறு காலை வந்திறங்கினார்கள். ஊர் ஊராக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்ததும், பந்தல் போட்டதும், வந்தவர்களை வரிசையில் அமர்த்தியதும் சங்கத்தாரின் வேலை. “பார்த்து ஆத்தா, படி இருக்கு” என்று மளிகைக் கடைக்காரர் அம்மாச்சியின் கைபிடித்து அழைத்துப் போனார். அங்கே மேடையும் இல்லை, மாலையும் இல்லை. அன்றே பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் சென்று, அறுவை செய்து, கண்ணுக்குள் லென்சு பொருத்தி, உணவும் தந்து, செலவில்லாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த அன்று அம்மாச்சி என் முகத்தை உற்றுப் பார்த்து, “எப்படி இளைச்சுப் போயிட்ட!” என்றார். எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் அழுதார்.

அரிமா சங்கங்களுக்குக் கண்ணின்மேல் ஏன் இத்தனை அக்கறை? 1917ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் முயற்சியால் தோன்றிய இயக்கம் இது. 1925இல் அதன் மாநாட்டில் ஹெலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையும் செவிப்புலனும் இழந்த அவர், பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி வேண்டினார். அந்த வேண்டுகோள் இன்றும் உலகெங்கும் நிறைவேறி வருகிறது. அரவிந்த் மருத்துவமனையும் எளிய தொடக்கம் கொண்டதே. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார்.

இப்படிச் சொல்வதால் பண்டிகைக் கொடைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு சங்கத்தார் முதியோர் இல்லத்துச் சிஸ்டரிடம் முன்னதாகவே, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்கள். “டிசம்பர் 25ஆம் தேதி கேக் வைக்க இடமிருக்காது, ஜனவரியில் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. சோப்பும் மூட்டுவலித் தைலமும் கொண்டு ஜனவரியில் வாருங்கள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்” என்றார் சிஸ்டர். அவர்கள் அப்படியே செய்தார்கள். கேட்டுக் கொடுப்பதல்லவா உண்மையான கொடை!

அன்புத் தோழியரே! திருவருகைக் காலத்தில் நம் வகுப்புகளிலும் உண்டியல் வைத்துக் காசு சேர்க்கிறோம். இம்முறை பொருள் வாங்கப் புறப்படுமுன், பெறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். கொடுக்கும்போது புகைப்படக் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுவோம். வலக்கை, இடக்கை பற்றி ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியாததா? பண்டிகை முடிந்து தோரணங்களை அவிழ்த்த பிறகும் ஒருமுறை அந்த வாசலுக்குப் போய்வருவோம்.