ஏரி உடைந்த கதை சொல்லும் பாறை

குஜராத்தில் ஜூனாகத் ஊரிலிருந்து கிர்நார் மலையடிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. நேமிநாதரைத் தரிசிக்கப் போகும் சமணர்களும், அம்பாஜி, தத்தாத்ரேயர் என்று ஏறும் மற்றவர்களும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். பலர் நிற்பதில்லை. ஏறவேண்டிய படிகள் ஏறக்குறைய பத்தாயிரம். கீழேயே காலை நோகவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த ஒரே பாறையில் மூன்று அரசுகள் ஏழு நூற்றாண்டு இடைவெளிக்குள் எழுதிவைத்திருக்கின்றன: பிராகிருதத்தில் அசோகர், சமஸ்கிருத உரைநடையில் சகர் குல மன்னன் ருத்ரதாமன், சமஸ்கிருதச் செய்யுளில் குப்தப் பேரரசன் ஸ்கந்தகுப்தன்.

நான் நடுவிலுள்ளவனிடமிருந்து தொடங்குவேன். மூவரில் கதை சொல்லத் தெரிந்தவன் அவன்தான்.

கி.பி. 150-ஐ ஒட்டிய ஒரு மார்கசீர்ஷ மாதத்தில் பெருமழை பிடித்தது. மலையிலிருந்து இறங்கும் சுவர்ணசிகதை, பலாசினி ஆறுகள் கரைபுரண்டன. சூறைக்காற்று மரங்களையும் மாடங்களையும் சாய்த்தது. சுதர்சனம் என்ற ஏரியின் கரை உடைந்தது. உடைப்பின் நீளம் 420 முழம், அகலமும் அவ்வளவே, ஆழம் 75 முழம் என்று கல்வெட்டு அளந்தே சொல்கிறது. ‘பார்வைக்கு இனியது’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஏரி பாலைமணல் போல், பார்க்கவே சகிக்காததாக ஆகிவிட்டது என்று ஒரு சிலேடையும் உண்டு. எழுதியவர் அந்தத் துயரத்திலும் சொல்லழகை விடவில்லை.

அடுத்த பகுதிதான் அரிது. உடைப்பு அவ்வளவு பெரிது என்று அமைச்சர்கள் கைவிரித்துவிட்டார்கள். இனிக் கரை எழாது என்று குடிகள் அழுதார்கள். தன் அமைச்சர்களே மறுத்தார்கள் என்று கல்லில் வெட்டிவைத்த அரசர்கள் எத்தனை பேர்? ஆனர்த்தமும் சௌராஷ்டிரமும் ஆண்ட சுவிசாகன் என்ற அதிகாரி பிறகு அந்த வேலையை முடித்தான். முன்னிலும் மூன்று மடங்கு உறுதி என்கிறது கல்வெட்டு.

செலவு அரசன் கருவூலத்திலிருந்து வந்ததாம். அதற்காகக் குடிகளிடம் வரி கேட்கவில்லை, ‘விஷ்டி’ வாங்கவில்லை, ‘பிரணயம்’ என்ற பெயரில் அன்பளிப்பும் பிடுங்கவில்லை. விஷ்டி என்றால் கூலியில்லா வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ அந்தச் சொல்லின் வழி வந்ததே என்பர். நாம் இன்றும் சொல்லும் வெட்டிவேலையில் அதன் மிச்சம் இருக்கிறது. வாங்கவில்லை என்று ஓர் அரசன் பெருமை பேசுகிறான் என்றால், மற்ற நேரங்களில் வாங்குவதே வழக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். பேரரசின் நிதிநிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

இதே கல்வெட்டு ஏரியின் பழைய கதையையும் சொல்கிறது. சந்திரகுப்த மௌரியரின் காலத்தில் அதைக் கட்டியவன் வைசியனான புஷ்யகுப்தன். அசோகருக்காக மதகுகள் அமைத்தவன் துஷாஸ்பன் என்ற யவனராஜன். பெயரோ பாரசீகச் சாயலில் இருக்கிறது. சுவிசாகன் பாரசீக வழிவந்த பஹ்லவன். அவனை ஏவிய ருத்ரதாமனே சக வம்சத்தவன். வெளியிலிருந்து வந்த வம்சத்தவரும் இந்த ஏரியைக் காத்தார்கள். நீளமான சமஸ்கிருத உரைநடைக் கல்வெட்டை முதலில் தந்ததும் அந்தச் சக அரசன்தான். தூய்மை பேசுகிறவர்களுக்கு இந்தப் பாறை கொஞ்சம் சங்கடம்.

அசோகரோ தன் வாசகத்தில் ஏரியைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் கவலை வேறு. அரண்மனை மடைப்பள்ளியில் உயிர்க்கொலை நாளுக்கு இரண்டு மயில், ஒரு மான் என்று குறைந்துவிட்டது, அதுவும் இனி நிற்கும் என்கிறார். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகச் சொல்லும் இடத்தில் எல்லைக்கப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனும் இலங்கை என்று நம் பக்கத்தையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார். பன்னிரண்டாம் ஆணையில், தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிறர் சமயத்தை இகழவேண்டாம், நாவை அடக்குங்கள் என்கிறார். ருத்ரதாமனும் போர்க்களம் தவிர வேறெங்கும் மனிதரைக் கொல்வதில்லை என்று விரதம் பூண்டதாக எழுதிக்கொண்டான். அதே பாறையில் இருந்த அசோகர் வாசகத்தை அவன் படித்தானா, தெரியவில்லை.

இந்த ஆணைகளில் அசோகர் என்ற பெயரே கிடையாது, ‘தேவனாம்பிய பியதசி’தான். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோது அது இலங்கை மன்னன் ஒருவன் என்றே முதலில் எண்ணினார். இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சம் என்ற பாலி நூலைக் காட்டி அது அசோகரே என்றார். ருத்ரதாமன் எழுத்திலோ ‘அசோக மௌரியன்’ என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே பாறையில்தான். ஆனால் இருவரும் ஒருவரே என்று சொல்லக் கடல் கடந்து அந்தப் பாலி நூல் வரவேண்டியிருந்தது.

மும்மடங்கு உறுதியான கரையும் கி.பி. 455-இல் ஓர் இரவில் உடைந்தது. சௌராஷ்டிரத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று ஸ்கந்தகுப்தன் இரவுபகலாக யோசித்துப் பர்ணதத்தனைத் தேர்ந்தானாம். பர்ணதத்தனின் மகன் சக்ரபாலிதன் மறுவருடமே கரையை அடைத்து, பின்னர் விஷ்ணுவுக்குக் கோயிலும் கட்டினான்.

பிறகு நம் காலத்துக்கு நெருக்கமாக ஒரு சேதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிர்நாருக்குப் பாதை போடக் கல் தேவைப்பட்டு, இந்தப் பாறையின் ஒரு பகுதியை வெடிமருந்து வைத்துப் பிளந்தார்கள். அதில் சிதைந்தவற்றுள் பதின்மூன்றாம் ஆணையும் ஒன்று, கலிங்கப் போரின் சாவுகளை எண்ணி அசோகர் வருந்தும் வாசகம் அது. இன்று அதை முழுதாகப் படிக்கவேண்டுமானால் ஷாபாஸ்கடி பாறைக்குப் போகவேண்டும். அது பாகிஸ்தானில் இருக்கிறது.