வெண்பா விளையாட்டும் எம் மாணவரின் தீர்ப்பும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்கும் போதெல்லாம் தாய்மொழிக் கல்வியின் சிறப்பையோ, இலக்கணத்தின் ஏதாவதொரு கூற்றையோ எழுதிக் கொடுப்பது எமது வழக்கம். இம்முறை கணினி விளையாட்டொன்றைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு எமது மேல்வகுப்பு மாணவர்களே காரணம். உலகம் பாராட்டிய ஒரு விளையாட்டை, அதுவும் தமிழ்ப் பெயர் தாங்கி வந்த ஒரு விளையாட்டை, அவர்கள் 'அப்படியொன்றும் பெரிதல்ல' என்று தள்ளிவிட்டனர். அதனால் பெற்றோர் சிலருக்கு உண்டான மனத்தாங்கல் இன்னமும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. இரு பக்கத்தாரையும் அறிந்தவர்கள் என்ற வகையில் இதனை எழுதுகின்றோம்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள 'விசை' என்னும் சிறு நிறுவனம் 2023 யூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டே 'வெண்பா'. அபி என்று அறியப்படுபவர் அதன் வடிவமைப்பாளர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் இளந்தம்பதியரின் கதை அது. மனைவி வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். பாவலன் என்பான் கவிஞன். வெண்பா அவன் பாடும் பா. கவின் என்பது அழகு. பெயரிட்டவர் தமிழ் தெரிந்தே இட்டிருக்கின்றார். ('விசை' என்ற சொல்லின் பொருள்களைக் கீழ்வகுப்புப் பிள்ளைகள் அகராதியில் தேடிப் பார்ப்பார்களாக.) வெண்பா தன் தாயின் சமையற் குறிப்பேட்டைக் கூடவே கொண்டு வந்திருக்கின்றாள். அதன் தாள்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் கிடக்கின்றன. விடுபட்ட படிமுறைகளை விளையாடுபவர் ஊகித்து, இட்டலி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக எவ்வாறு அடுக்குவது என்பதே முதலாவது புதிர். சமையலுக்கிடையே குடும்பத்தின் கதை ஆண்டு ஆண்டாக நகர்கின்றது.

இச்சிறு ஆக்கம் பெற்ற வரவேற்பு சாதாரணமானதன்று. 2023 டிசெம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற பெரும் விளையாட்டு விருது விழாவில், சிறந்த அறிமுகப் படைப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்தனுள் இதுவும் ஒன்று. அதே ஐந்தனுள் எமது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் உருவான 'டிரெஜ்' என்னும் மீன்பிடி விளையாட்டும் இடம்பெற்றிருந்தது. அன்று விருதைப் பெற்றது இவ்விரண்டும் அல்லாத 'கொக்கூன்' ஆகும். எனினும் 2024 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதும் வெண்பாவுக்கே கிடைத்தன. பாடசாலை மண்டபத்தில் தேநீர் அருந்தியபடி இச்செய்தியைப் பேசிக்கொண்ட பெற்றோரின் முகங்களில் தெரிந்த பெருமிதத்தை நாம் நேரிற் கண்டோம்.

பெற்றோர் வாங்கிக் கொடுத்தனர். பிள்ளைகள் விடுமுறையில் விளையாடினர். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அபிப்பிராயம் கேட்டோம். பின்வரிசை மாணவரொருவர் எழுந்து, "சேர், ஒரு மணித்தியாலத்திலை முடிஞ்சு போச்சு" என்றார். வகுப்பே சிரித்தது. பின்னர் ஒருவர்பின் ஒருவராகக் குறைகளை அடுக்கினர். புதிர்கள் மிக எளியனவாம். பிழை விட்டால் மீண்டும் முயலலாமேயன்றித் தோற்றுப்போக வழியே இல்லையாம். வெண்பா சொல்ல வேண்டிய மறுமொழியை நாமே தெரிவு செய்யலாம் எனினும், எதைத் தெரிவு செய்தாலும் கதை தன்பாட்டில் போகின்றதாம். "அப்ப இதை ஏன் விளையாட்டு எண்டு சொல்லுகினம்? படம் எண்டு சொல்லலாமே" என்றார் ஒரு மாணவி. ஏறத்தாழ 15 அமெரிக்க டொலர் விலையில் இதைவிடப் பன்மடங்கு நேரம் விளையாடத்தக்கவை உள்ளன என்று மற்றொருவர் கணக்கே காட்டினார்.

இச்செய்தி வீடுகளுக்குச் சென்றதும் சில பெற்றோர் எம்மிடம் வந்தனர். "எங்கட ஆக்கள் ஒண்டு செய்து உலகமே மெச்சேக்கை எங்கட பிள்ளையளே குறை சொல்லுறதோ, மாஸ்ரர்?" என்பது அவர்களது கேள்வி. அக்கேள்வியின் பின்னாலுள்ள நோவு எமக்குப் புரியாததன்று. தொலைக்காட்சியிலோ கடைத்தெருவிலோ தம் முகத்தைக் காணாமலே பல்லாண்டு வாழ்ந்தவர்களுக்கு, சேலை உடுத்த ஒரு தாய் திரையில் இட்டலி அவிப்பதே பெரிய காரியந்தான். ஆயினும், பிள்ளைகளைக் கண்டிக்குமாறு அவர்கள் கேட்டதற்கு நாம் உடன்படவில்லை.

ஏனெனில் பாராட்டப் பெற்ற விளையாட்டு எதனையும் ஏற்காதவர் எங்கும் உளர். 2017 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட செல்டா வரிசை விளையாட்டுக்கும், 2018 இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இற்கும் விமர்சகர்கள் அளித்த சராசரிப் புள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. முன்னையதில் வாள் சில அடிகளிலேயே முறிந்துவிடுகின்றது என்றும், பின்னையதில் கதாநாயகன் ஒரு பேணியை எடுக்கவே குனிந்து நிமிர்ந்து பொறுமையைச் சோதிக்கின்றான் என்றும் சலித்துக்கொண்டோர் எத்தனையோ பேர். இவ்வளவு தூரம் போவானேன்? எமது ஓக்லாந்தின் ஹெண்டர்சனில் இயங்கும் கிரைண்டிங் கியர் நிறுவனத்தார் 2013 இல் வெளியிட்ட 'பாத் ஒஃப் எக்ஸைல்' உலகெங்கும் புகழ் பெற்றது. அதன் திறன் வரைபடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அதைக் கண்டு மலைத்து முதல் நாளே விட்டோடியவர்களும் உளர். அதன் இரண்டாம் பாகம் முழுமை பெறுமுன்னரே 2024 டிசெம்பரில் விளையாடக் கிடைத்து மிகுந்த பாராட்டைப் பெற்றது. அதே பாகத்தில் 2025 ஏப்பிரலில் செய்த மாற்றங்களை விளையாடுவோர் கடுமையாகக் கண்டித்தனர். நிறுவனத்தார் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்தடுத்த நாட்களிலேயே திருத்தங்களை வெளியிட்டனர். குறை கூறியோர் அந்த விளையாட்டை வெறுத்தவர் அல்லர், அதிலே ஊறியவர்கள்.

ஊரில் நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்துத் தமிழிலக்கிய வினாத்தாள்கள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. 'இப்பாடலின் நயங்களை எடுத்துக் காட்டுக' என்றே அவை கேட்கும். 'இப்பாடல் உமக்குப் பிடிக்காவிடின் காரணம் கூறுக' என்று கேட்ட வினாவொன்றை நாம் கண்டதேயில்லை. ஆகவே அவ்வினாவை இவ்வகுப்பில் நாமே கேட்டோம். விடை தமிழில் மட்டுமே எழுதப்படல் வேண்டும் என்று விதித்தோம். 'சலிப்பு', 'எதிர்பார்ப்பு', 'விலைக்கேற்ற பயன்' ஆகிய சொற்களை அன்று அவர்கள் தாமாகவே கேட்டுத் தெரிந்து கொண்டனர். பத்து வரியில் கட்டுரை எழுதச் சொன்னாலே முனகுகின்ற பின்வரிசையார் இரண்டு பக்கம் எழுதினர்.

நீளத்தைப் பற்றி எமக்கும் அவர்களுக்கும் வாதம் மூண்டது. வெண்பா என்ற பெயரையே சான்றாக்கினோம். குறள் வெண்பாவுக்கு இரண்டே அடி, ஏழே சீர். ஈற்றடிக்கு மூன்று சீருக்கு மேல் ஆகாது. எவரும் அதனைக் குறுகியதென்று குறை கூறுவதில்லையே என்றோம். முன்வரிசையிலிருந்த சிறுமி கையை உயர்த்தி, "ஆனால் சேர், வள்ளுவர் ஒண்டோடை நிப்பாட்டேல்லையே, 1330 எழுதினவர்தானே?" என்றாள். முப்பது மாணவர் முன்னிலையில் இப்படியொரு விடை கிடைப்பது ஓர் ஆசிரியருக்கு எத்துணை இன்பம் என்பதை ஆசிரியரே அறிவர். விலை பற்றிய அவர்களது வாதமும் நியாயமானதே. தெரிவுகள் கதையை மாற்றுவதில்லை என்பதில் மாத்திரம் நாம் வேறுபட்டோம். எத்தகைய மறுமொழி கூறினாலும் மகன் விலகிப் போவதைத் தடுக்க முடியாமையே அக்கதையின் நோவு. பதினைந்து வயதினருக்கு அது குறையாகத் தோன்றலாம். அவர்களைப் பெற்றவர்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை.

புட்டைப் பற்றிய குறை வேறு வகையானது. விளையாட்டில் வருவது குழற் புட்டு. மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இட்டு அவித்துத் தள்ளுவது. எமது வீடுகளிலும் குழல் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்துப் புட்டென்றால் நீத்துப்பெட்டியே முதலில் நினைவுக்கு வரும். வறுத்த மாவுக்குக் கொதிநீர் விட்டுக் குழைத்து, பேணி விளிம்பாற் கொத்திக் கொத்தி உதிர்த்து, பனையோலையாற் பின்னிய கூம்புப் பெட்டியிலே கொட்டி, பானை வாயில் வைத்து அவிப்பது. "இது எங்கட புட்டு இல்லை" என்று ஒரு சிறுவன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தோரும் உளர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. மனுகாவில் பிறந்து, பனைமரத்தைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளை, தன் அம்மம்மா அவித்த புட்டுக்கும் திரையிலே கண்ட புட்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டுகொண்டான் அன்றோ?

அதைவிட ஆழமான ஏமாற்றமொன்றை எம்மிடம் சொன்னவர் ஒரு தந்தை. பிள்ளையோடு கூடவிருந்து முடிவு வரை பார்த்தவர் அவர். கதையின் பிற்பகுதியில் கணவனை இழந்த வெண்பா இந்தியாவுக்கே திரும்பிச் செல்கின்றாள். மகன் தாயைத் தேடி அங்கே போகின்றான். விமர்சகர்கள் உருகிப் புகழ்ந்த இடம் அது. எம் தாய்மாரிற் பலரும் அழுதனர். அத்தந்தையோ, "அவவுக்குத் திரும்பிப் போறதுக்கு ஊர் இருந்தது, மாஸ்ரர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாகனத் திறப்பைத் தேடத் தொடங்கினார்.

அவ்வொரு வசனத்தை நாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். வெண்பாவும் பாவலனும் கனடா சென்றதாகக் கதை சொல்லும் அதே 1980களில், 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே மிதந்த 155 ஈழத் தமிழர்களைக் கனடிய மீனவர்கள் மீட்டெடுத்தனர். அவர்களது பொதிகளில் பாட்டியின் சமையற் குறிப்பேடு இருந்திருக்குமென்று நாம் நினைக்கவில்லை. நாமும் அகதிகளாகவே இந்நாட்டின் வாயிலில் நின்றவர்கள். எமது பள்ளிச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளே கைவசம் இருக்கவில்லை. இவ்வகையிற் பார்க்கின், 'இது புலம்பெயர்ந்த தமிழர் எல்லோருடைய கதையும்' என்ற பாராட்டுத்தான் அளவுக்கு மிஞ்சியது, விளையாட்டன்று. அது ஒரு குடும்பத்தின் கதை. அதனை எல்லோருக்குமாக நீட்டியவர்கள் பாராட்டியவர்களே. அதேவேளை, தன் வகுப்புத் தோழனான சமோவாச் சிறுவனொருவன் இதனை விளையாடிவிட்டுத் தன் பாட்டியை நினைத்துக் கண்கலங்கினான் என்று எம் மாணவி ஒருத்தி கூறினாள். அவனுக்குப் புட்டும் தெரியாது, இட்டலியும் தெரியாது. கதை யாரைத் தொடும் என்பதை முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது போலும்.

குறை கூறிய மாணவர் அனைவரும் வாயடைத்துப்போன இடமும் ஒன்றுண்டு. வளர்ந்துவிட்ட கவின் தனியே நின்று அக்குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க முயல்கின்றான். அவனுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. குறிப்புகள் அவனுக்கு அரைகுறையாகவே பொருள் தருகின்றன. முன்னர் தாயாக இருந்து எளிதிற் சமைத்த அதே விளையாட்டாளர் இப்போது மகனாகத் தடுமாற நேர்கின்றது. "அந்த இடம் மட்டும் எப்பிடி?" என்று வகுப்பிற் கேட்டோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், "அது கஷ்டமாயிருந்தது சேர்" என்றார் ஒரு மணித்தியாலத்தில் முடிந்ததென்று சொன்ன அதே மாணவர். புதிர் கஷ்டமா, பார்க்கக் கஷ்டமா என்று நாம் வினவவில்லை.

இப்போது அவரும் இன்னும் இருவருமாகச் சேர்ந்து சதுரக்கோட்டுக் கொப்பியொன்றில் தமது சொந்த விளையாட்டொன்றை வரைந்து வருகின்றனர். சனிக்கிழமை இடைவேளைகளில் பெரியோர் சிலரைச் சூழ்ந்துகொண்டு மா வறுக்கும் பக்குவம் கேட்கின்றனர். இங்கே அரிசிமாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவை அவித்து அரித்துப் பயன்படுத்துவதையும் ஒரு கட்டமாகச் சேர்த்துள்ளனர். நீத்துப்பெட்டியின் படத்தை மூன்று முறை அழித்து வரைந்தாயிற்று. இவ்விளையாட்டில் தோற்க முடியுமாம்: தண்ணீர் கூடினால் மா களியாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிவை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை. அம்மம்மா ஊருக்குத் திரும்பிப் போவதா, மனுகாவிலேயே இருப்பதா என்பதில் மூவருக்கும் இடையே கடும் வாக்குவாதம். அதுவும் தமிழிலேயே நடக்கின்றது.